சின்னவர் இருக்காரா?

என் அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் அக்கா வீட்டாரும் சுகமாக இருக்கிறோம். அங்கே நீ சுகமா என்று கேட்டால் சுகம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாய், அதனால் நேற்று மதியம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்கிறேன், அதற்குப் பதில் எழுது. போன் இருக்கும்போது அப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீ இரண்டு சொல்லிவிடுகிறாய், மீதி நேரத்தை அம்மா பிடுங்கிக்கொள்கிறாள். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது, அந்த ஒரு சுகத்துக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அம்மாவுக்குப் புதுக் கண்ணாடி வந்துவிட்டது. போட்டதும் முதல் வேலையாக என் முகத்தைப் பார்த்து, உங்களுக்கு இவ்வளவு சுருக்கம் எப்போ விழுந்தது என்று கேட்டாள். என் முழங்கால் வலி முன்பைவிடத் தேவலாம். மளிகைக் கடையில் பில் போடும் வேலை உட்கார்ந்தே செய்வதுதான். ஆனால் காலமெல்லாம் ஓடுகிற பஸ்ஸில் நின்றபடி டிக்கெட் கிழித்தவனுக்கு அசையாத நாற்காலியில் உட்கார்ந்தால்தான் தலை சுற்றுகிறது.

உனக்குச் சொல்ல வேண்டியது அக்கா விஷயம். முழுதும் படித்துவிட்டுப் பிறகு கோபப்படு. மாப்பிள்ளைக்குத் தொழிற்சாலையில் இப்போது வாரத்தில் பாதி நாள்தான் வேலை என்பது உனக்குத் தெரியும். அவர் வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார், வேலை இல்லாத நாளில் வீட்டில் இருக்கிற எல்லா நாற்காலிக்கும் ஆணி அடிப்பார். அக்காவும் தையல் கூடத்தில் கிடைக்கிற வேலையையெல்லாம் செய்கிறாள். பள்ளிக்கூடம் நடக்கிறவரை ஒரு மாதிரி சமாளித்தார்கள், ஏனென்றால் பெரியவளுக்கும் அவள் தம்பி வாலுவுக்கும் மதியச் சாப்பாடு அங்கேயே ஆகிவிடும். லீவு விட்டதும் அந்த இரண்டு தட்டும் வீட்டுக்கு வந்துவிட்டன. விடுமுறையில் பிள்ளைகளுக்குப் பசி கூடத்தான் செய்யும், வெயிலில் ஆடிவிட்டு வந்து பாத்திரத்தை உருட்டுகின்றன. இதற்காகத்தான் அரசாங்கத்தில் கோடை மளிகை அட்டை என்று ஒன்று கொடுக்கிறார்கள். வருமானம் குறைந்த வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருந்தால் போதும், லீவு முடிகிறவரை அரிசி, பருப்பு, பால், முட்டை, காய், பழம் இதெல்லாம் அந்த அட்டையில் வாங்கிக்கொள்ளலாம். பள்ளிக்கூடம் திறந்தால் மீதம் இருப்பது செல்லாமல் போய்விடும். அக்காவுக்கும் அட்டை வந்தது, நான்தான் பதிவு செய்யக் கூட்டிக்கொண்டு போனேன், வரும் வழியில் அவளும் சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் என் கடைப் பக்கமே வரவில்லை. நான் வீட்டுக்குப் போன பிறகு சாயங்காலத்தில் வந்து வாங்குகிறாள் போலிருக்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டேன். ஒருநாள் கடையில் மதிய இடைவேளையில் அவள் வீட்டுக்குப் போனேன். பிள்ளைகள் இரண்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தன, தட்டில் சோறு இருந்தது, நடுவில் ஒரே ஒரு முட்டை. பெரியவள் அதை அப்படியே எடுத்துத் தம்பி தட்டில் வைத்துவிட்டு, எனக்கு இப்பல்லாம் முட்டை பிடிக்கிறதில்ல தாத்தா என்றாள். முட்டைக்காகத் தம்பியின் கையைக் கடித்தவள் அவள். கடித்த தழும்பை வாலு இன்றைக்கும் எல்லோருக்கும் காட்டிக்கொண்டு திரிகிறான். நான் சமையலறைக்குப் போய், அட்டை எங்கே என்று உன் அக்காவைக் கேட்டேன். வந்த உறையிலேயே, பிரிக்காத மாதிரி மடித்து, புடவைகளுக்கு அடியில் வைத்திருக்கிறாள். ஏன் என்று கேட்டதற்கு முதலில் அழுதாள், அப்புறம் சொன்னாள்.

அவள் சொன்ன காரணம் இரண்டு. ஒன்று நீ. அட்டை வந்த அன்று உனக்குப் போன் செய்தாளாம், நீ, அதெல்லாம் எதுக்குக்கா, நாம என்ன பிச்சையா எடுக்கிறோம், நான் அனுப்புறேன் என்றாயாம். பாசத்தில்தான் சொன்னாய், உன்னைப் பெற்றவனுக்கு அது தெரியாதா. ஆனால் அந்த ஒரு வார்த்தை உன் அக்காவின் கையைக் கட்டிப்போட்டுவிட்டது. இன்னொரு காரணம் நான். இதைக் கேட்டு நீ சிரிப்பாய், நானும் இப்போது சிரிக்கிறேன், அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் கடையில் அந்த அட்டையைத் தேய்க்கிற இயந்திரம் ஒன்றே ஒன்றுதான், அது உள்ளே முதலாளி அறையில் சார்ஜில் கிடக்கும். யாராவது அந்த அட்டையை நீட்டினால் பில் போடுகிறவர் உள்ளே பார்த்து, இலவச அட்டை என்று சத்தம் கொடுக்க வேண்டும், முதலாளி அதைத் தூக்கிக்கொண்டு வருவார். அது கடை வழக்கம். பக்கத்துக் கவுண்டர் பெண் சொன்னால் வரிசையோடு நின்றுவிடும். நான் சொன்னால்? உன் அப்பாவின் குரல் எப்படிப்பட்டது என்று உனக்கே தெரியும், பஸ்ஸின் பின்படியில் நின்று கத்தினால் டிரைவர் காதைத் தேய்த்துக்கொள்வார். அக்கா ஒருநாள் அட்டையும் கையுமாகக் கடை வாசல்வரை வந்திருக்கிறாள். அட்டையை நீட்டிய வேறொரு அம்மாளுக்காக நான் சத்தம் போட்டதும் தெருவில் போகிறவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்களாம். அந்த அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாளாம். அதைப் பார்த்துவிட்டு உன் அக்கா அப்படியே திரும்பிவிட்டாள்.

நான் அவளிடம் ஒன்றுதான் சொன்னேன், உனக்கும் அதையே எழுதுகிறேன். என் பஸ்ஸில் எத்தனையோ பிள்ளைகள் காசு கொடுக்காமல் ஏறியிருக்கின்றன. பள்ளிக்கூடப் பை ஒரு தோளில், கை மேலே, பாஸ் என்று ஒரு சொல், அவ்வளவுதான். நானும் சரி என்று நகர்ந்துவிடுவேன். பக்கத்தில் நிற்கிற பெரிய மனிதர் யாரும் அதைப் பிச்சை என்று சொல்லி நான் கேட்டதில்லை. நீயும் அப்படித்தான் போய்ப் படித்தாய், நல்லாத்தான் படித்தாய். நான் கிழித்த ஒவ்வொரு டிக்கெட்டிலும் அரசாங்கத்துக்கு ஒரு பங்கு போயிருக்கிறது. உன் அக்கா வாங்குகிற நூல்கண்டிலும் வரி போகிறது, மாப்பிள்ளை வாங்குகிற ஆணியிலும் போகிறது, நீ அங்கே கட்டுகிற வரி அந்த ஊரில் எந்த வீட்டுப் பிள்ளைக்கோ பாலாகப் போகும். கொடுக்கும்போது பெருமையாக இருக்கிறது, திரும்பி வரும்போது மட்டும் கசக்கிறதா? இதைக் கேட்டுவிட்டு உன் அக்கா புடவைகளுக்கு அடியிலிருந்து உறையை எடுத்தாள். பிறகு, வர்றேன்பா, ஆனா நீங்க கத்தக்கூடாது என்றாள். சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். கத்தாமல் இயந்திரம் எப்படி வரும் என்று யோசிக்கவே இல்லை.

மறுநாள் வந்துவிட்டாள். வாலு ஒரு கையில், பெரியவள் கூடையோடு பின்னால். எடுத்து வைத்ததெல்லாம் பார்த்துப் பார்த்து எடுத்தவை, அரிசி, பருப்பு, முட்டை, பால், கொஞ்சம் வாழைப்பழம். வரிசையில் அவளுக்கு நேர் பின்னால் யார் தெரியுமா, பெரியவளின் டீச்சரம்மா. அக்கா அட்டையை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு என்னிடம் நீட்டினாள். பக்கத்துக் கவுண்டரில் ஆள் இல்லை. எழுந்து போய் எடுத்து வரலாம் என்றால் கல்லாவை விட்டு எழக்கூடாது என்பது இன்னொரு வழக்கம். வாயைத் திறந்துவிட்டேன், வழக்கமான வார்த்தை தொண்டைவரை வந்துவிட்டது, பெற்ற பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் அது வெளியே வர மாட்டேன் என்கிறது. கடைசியில் என் குரல் முழுவதும் சேர்ந்து வெளியே வந்தது என்ன தெரியுமா? சின்னவரே, கொஞ்சம் வாங்க!

ஆமாம், உன்னைத்தான். என் டிக்கெட் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சமையலறை வாசலில் நின்று, டிக்கெட் எடுத்தால்தான் உள்ளே விடுவேன் என்று அம்மாவை மறிப்பாயே, அன்றைக்கு அவள் உனக்கு வைத்த பேர்தான் சின்னவர். அதற்குப் பிறகு இந்த வீட்டில் பாட்டில் மூடி திறக்கவில்லை என்றால், பரண்மேல் இருப்பது எட்டவில்லை என்றால், பல்லி சுவரில் ஓடினால், எதற்கும் அதே கூப்பாடுதான். நீ போன பிறகும் வாய் மறக்கவில்லை. உதவி வேண்டும் என்று மனசு தவித்ததும் உன் பேர்தான் வந்து விழுந்தது. உள்ளேயிருந்து முதலாளி எட்டிப் பார்த்தார். யாரைய்யா கூப்பிடுறீங்க, எனக்குத் தம்பி கிடையாதே என்று முழித்தார். அக்கா கையில் இருந்த அட்டையைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது, நல்ல மனிதர், வாயைத் திறக்காமல் இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்தார். டீச்சரம்மா ஒன்றையும் கவனிக்கவில்லை, வாலுவிடம் வாழைப்பழம் எனக்கில்லையா என்று கேட்டுக்கொண்டிருந்தார். உன் அக்கா சிரித்த சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும். வெளியே போய் வாசற்படியில் நின்று சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் வீட்டுக்கு நடந்தாள்.

இப்போது கடையில் அதுவே நிலைத்துவிட்டது. பக்கத்துக் கவுண்டர் பெண்ணும் சின்னவரே என்றுதான் கூப்பிடுகிறாள், முதலாளியும் வர்றார் வர்றார் என்று பதில் கொடுத்துக்கொண்டு இயந்திரத்தோடு வருகிறார். போன வாரம் ஒரு பெரியவர் வந்து, பால் திரிந்துபோச்சு, உங்களிடம் பேசிப் பிரயோஜனம் இல்லை, நான் சின்னவரைத்தான் பார்க்கணும் என்று ஒற்றைக்காலில் நின்றார். சின்னவர் கொஞ்சம் சூடா இருக்கார், அப்புறம் வாங்க என்று பக்கத்துப் பெண் சொல்லிவிட்டாள், இயந்திரம் அன்றைக்கு நிஜமாகவே சூடாகத்தான் இருந்தது. கவுண்டருக்கே ஒயர் இழுத்துக் கொடுத்துவிடுவதாக எலெக்ட்ரீஷியன் சொல்லியிருக்கிறான், அவன் வராமல் இருந்தால் தேவலை என்று எனக்கு இருக்கிறது. பெரியவளுக்கு மறுபடியும் முட்டை பிடிக்க ஆரம்பித்துவிட்டது. தம்பிக்கு ஒன்றும் விடுவதில்லை, சண்டை தெருமுனைவரை கேட்கிறது. அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு நிம்மதியாக இருக்கிறது. மாப்பிள்ளைக்கு அடுத்த மாதம் முழு வாரமும் வேலை கிடைக்கும் போலத் தெரிகிறது, கிடைத்தால் வீட்டு நாற்காலிகள் பிழைக்கும்.

நீ உன் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு பணம் அனுப்புவது எங்களுக்குத் தெரியாது என்று நினைக்காதே. போன தடவை படத்தில் உன் சட்டைக் காலர் கழுத்தைத் தொடவே இல்லை, அம்மா புதுக் கண்ணாடியோடு பார்த்துவிட்டாள், இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. இந்த மாதம் அனுப்ப வேண்டாம். உன் வயிற்றைக் கவனி. அக்காவுக்குப் போன் செய், மன்னிப்பெல்லாம் கேட்டு அவளை அழ வைக்காதே, இன்றைக்கு என்ன சமையல் என்று மட்டும் கேள், மீதியை அவளே புரிந்துகொள்வாள். குளிர்ந்த தண்ணீரில் தலைக்குக் குளிக்காதே. செருப்புத் தேய்ந்திருந்தால் மாற்று, ஈரத் தரையில் சறுக்கும்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். முன்பு நான் சத்தம் போட்டபோது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள் என்று எழுதினேனே, அந்த அம்மாள் அதோடு கடைக்கு வருவதையே நிறுத்தியிருந்தாள். நேற்று வந்தாள். யார் சொல்லி வந்தாளோ தெரியவில்லை, உன் அக்காவாகத்தான் இருக்க வேண்டும். இடுப்பில் ஒன்றும் விரலைப் பிடித்துக்கொண்டு ஒன்றுமாகப் பிள்ளைகள், கூடை நிறையச் சாமான். என் பக்கம் குனிந்து, மெதுவாக, ஐயா, சின்னவர் இருக்காரா என்று கேட்டாள். இருக்கார்மா என்றேன்.

நீ தூரத்தில் இருக்கிறாய் என்று அம்மா புலம்பும்போதெல்லாம் இனிமேல் இதைச் சொல்வேன். எங்கே இருந்தாலும் வயிறு நிறையச் சாப்பிட்டு, நல்ல பேரோடு, நீண்ட நாள் நன்றாக இரு. நேற்று மதியம் என்ன சாப்பிட்டாய் என்பதற்குப் பதில் மறக்காதே. இங்கே யார் வந்து கேட்டாலும் நீ இருக்கிறாய் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உன்னைத் தினமும் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்,
அப்பா