தென்னம்பிள்ளை வைக்கலாமா

ஐப்பசி, செவ்வாய் இரவு.

பாராளுமன்றத்திடம் எந்தச் சட்டங்களைக் கேட்பது என்று முடிவுசெய்ய இன்று எங்கள் பிரதேச சபை கூடியது. மணல் அள்ள அனுமதி கொடுக்கும் அதிகாரம் சபைக்கே வேண்டும் என்ற கோரிக்கையிலேயே காலை முழுவதும் போய்விட்டது. உறுப்பினர்கள் கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தார்கள். ஒருவரை ஒருவர் கள்ளன் என்றார்கள்.

அடுத்தது, எனக்குப் பக்கத்தில் இருக்கும் உறுப்பினர் செல்வராணியின் கோரிக்கை. மலையகத்திலிருந்து வந்து குடியேறிய அவளுடைய ஊராரின் காணிகள் அரசாங்க வரைபடத்தில் இன்னும் காடாகவே இருக்கின்றன. அவற்றை அவர்களுக்கே எழுதிக்கொடுக்கச் சட்டம் வேண்டும் என்றாள். நான் வழிமொழிந்தேன்.

"ஆருக்கும் மறுப்பில்லைத்தானே? சரி, தேத்தண்ணி ஆறுது, வாங்கோ" என்றார் தவிசாளர். எல்லாக் கைகளும் உயர்ந்தன.

மணலுக்குச் சண்டை பிடித்தவர்கள் அதன் பின்னால் கொழும்புவரை போவார்கள். இதன் பின்னால் யார் போவார்கள்? ஒருவரும் எதிர்க்காததுதான் என்னை உறுத்துகிறது.

செல்வராணி வாசலில் நின்றே வீட்டுக்குப் போன் எடுத்தாள். "எல்லாரும் கையத் தூக்கிட்டாங்க" என்றாள். பிறகு என்னிடம் வந்தாள். காணி நிச்சயமில்லாததால் இத்தனை வருடமும் அவர்கள் வருடத்துக்குள் பிடுங்கிவிடக்கூடிய மரவள்ளி மட்டுமே நட்டு வந்தார்கள்.

"இனி தென்னம்பிள்ளை வைக்கலாம்தானே அக்கா? பிடுங்கச் சொல்ல மாட்டாங்களே?"

"மழை தொடங்கட்டும், பாப்பம்" என்றேன்.

சிரித்துத் தலையாட்டிவிட்டு பஸ்சுக்கு ஓடினாள். நான் சொன்னதை ஓம் என்றுதான் எடுத்திருப்பாள்.

இப்போது ஓட்டில் தூறல் விழும் சத்தம் கேட்கிறது.