சிவப்பு போன தண்ணீர்

ஏப்ரல் 7, திங்கள்

காலையிலேயே சுள்ளென்று வெயில். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை பஸ்ஸில் நின்றபடியே. லேபில் நாள் முழுக்க மல்லாட்டை (வேர்க்கடலை) ஓட்டுக் கரியைச் சலிக்கும் வேலை. தும்மினால் கருப்பு. கைக்குட்டை இனி குப்பைக்குத்தான்.

சாயத் தண்ணீரின் நிறத்தை இந்தக் கரி பிடித்துக்கொள்ளும் என்று குடுவையில் காட்டியாயிற்று. கைடு சார் விடுவதாக இல்லை. "நெஜப் பட்டறைத் தண்ணியில பண்ணிக் காட்டும்மா. இல்லன்னா தீசிஸ் வெளிய போவாது."

ஐந்து வருஷம். எப்போது முடியும் என்று வீட்டுக்காரர் கேட்பதையே நிறுத்திவிட்டார். அது இன்னும் மோசம்.

வாங்க: பெரிய சல்லடை, துணிப்பை, தலைவலி மாத்திரை.

9, புதன்

கண்டமங்கலம் பக்கம் ஒரு சின்ன சாயப்பட்டறை. கரி நிரப்பிய டிரம்மில் மேலே சிவப்புத் தண்ணீர் விட்டோம். கீழே வந்தது கிணற்றுத் தண்ணீர் மாதிரி. அழுகை வந்துவிட்டது. மூக்கைச் சிந்துவதுபோல் திரும்பிக்கொண்டேன்.

முதலாளிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மேடம், கேன்ல புடிச்சி வித்துடலாம் போல!"

மீட்டர் வைத்துப் பார்த்தேன். உப்பு அப்படியே. சாயம் ஏற மூட்டை மூட்டையாகக் கொட்டுகிற உப்பு. அதைக் கரி தொடாது. "நிறம் மட்டுந்தாங்க போயிருக்குது. வெளிய வுடாதீங்க" என்றேன்.

"அத நான் பாத்துக்கறேன். நீங்க ஜல்தியா இன்னும் ரெண்டு மூட்டை கரி அனுப்புங்க."

சாருக்கு போன். "போட்டோ எடுத்தியா?" உப்பைப் பற்றிச் சொன்னால், "உன் தலைப்பு நிறந்தானே?"

12, சனி

முதுகு வலி. தைலம் தீர்ந்துவிட்டது. சார் சொன்னார் என்று இரண்டு மூட்டையும் அனுப்பிவிட்டேன். மனசே இல்லை. மறுத்துப் பேசவும் தெம்பில்லை.

16, புதன்

பட்டறைக்குப் பின்னால் ஓடை. பளிச்சென்று ஓடுகிறது. வெளியே விட்டுவிட்டான் மனுஷன்.

பக்கத்து நிலத்தைக் குத்தகைக்குப் பார்க்கிற அஞ்சலை அக்கா, குடத்தில் மொண்டு கத்தரி நாற்றுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். இலை நுனியெல்லாம் தீய்ந்து கிடந்தது.

"அக்கா, ஊத்தாதீங்க!"

"இன்னாம்மா இது? செவப்பா ஓடசொல்ல, அப்பல்லாம் நாங்க கிட்டயே போவ மாட்டோம். இப்பதான் நீ சுத்தம் பண்ணிட்டியாமே, மொதலாளி சொன்னாரு. இந்த மாடுதான் வாயே வைக்காம பேஜாரு பண்ணிக்கினு கீது. நாலு அடி போட்டேன்."

மாட்டுக்குத் தெரிந்திருக்கிறது. உப்பு விஷயத்தைச் சொன்னேன். நாற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

முதலாளியிடம் போனேன். "கலர் இல்லாத தண்ணிக்கு எவன் மேடம் புகார் குடுப்பான்?" டீ வேறு சொன்னார். குடிக்கவில்லை.

17, வியாழன்

முதல் பஸ். யாரிடமும் கேட்கவில்லை. டிரம்மைக் கவிழ்த்துக் கரியை எல்லாம் மூட்டையில் அள்ளினேன். முதலாளி கத்தினார்: "யாரக் கேட்டு எடுக்கற?"

"என் கரி" என்றேன். மூட்டை வாயை இறுக்கிக் கட்டினேன்.

பட்டறை நிற்கவில்லை. மதியத்துக்குள் ஓடை சிவந்துவிட்டது. புகார் கொடுக்கவாவது கண்ணுக்குத் தெரியும். அஞ்சலை அக்கா குடத்தை எடுத்துக்கொண்டு, மாட்டை மேட்டுக்கு ஓட்டினார்.

ஐந்து வருஷம் படித்து, ஓடையைத் திரும்பச் சிவப்பாக்கியிருக்கிறேன். சார் போன் அடித்துக்கொண்டே இருக்கிறார்.