நான் திறந்து பார்க்காத பை

அக்கா,

நேற்றுக் காலை உளுந்துக்குத் தெளிக்கக் கடல்பாசி உரக் கேனைத் திறந்தேன். கடல் எங்கேயோ கிடக்க, இந்தக் கழுகுமலைக் கரிசல் காட்டில் உங்கள் சாக்குப்பையின் வாடை குப்பென்று அடித்தது. தெளிப்பானை வரப்பிலேயே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது நான் பவளப்பாறைத் தீவுகளைச் சுற்றிய காப்புக் கடலில் காவலுக்கு வந்த வனத்துறைச் சீருடைக்காரன். நீங்கள் விரல்களில் துணி சுற்றி, மூச்சடக்கி மூழ்கிப் பாசி எடுப்பவர். "தண்ணி லாரிக்குக் காத்துக் கெடக்குத ஊர்க்காரரு, நமக்குக் கடலச் சொல்லித் தாராரு" என்பீர்கள். வள்ளமே சிரிக்கும். எனக்குச் சுருக்கென்று தைக்கும்.

பாசியை வேரோடு பிடுங்கக் கூடாது, மேலாக ஒடிக்க வேண்டும்; மீறியவளை வள்ளத்தில் ஏற்றக் கூடாது. இது நீங்களே முன்னின்று பெண்களைக் கூட்டிப் போட்ட கட்டுப்பாடு. எனக்கும் தெரியும். இருந்தும், தடை செய்த தீவோரம் உங்களைப் பிடித்த அன்று, வழக்குத் தாளில் வழக்கமாக எழுதும் வரியையே எழுதினேன்: 'பாசி வேரோடு பிடுங்கப்பட்டுள்ளது.'

"பையத் தொறந்து பாத்துட்டு எழுதுங்க சார்."

பார்க்கவில்லை. உங்கள் கேலிக்குப் பழி தீர்த்தேன், வேறென்ன? சாயங்காலம் பையைக் கொட்டினேன். ஒரு வேர்கூட இல்லை.

எழுதியதைத் திருத்த வெட்கம். "சாரு எதுக்குப் பொய் எழுதப் போறாரு" என்று உங்கள் பெண்கள் உங்களை இறக்கிவிட்டார்கள். நீங்கள் கரையில் கருவாடு காயப்போட்டீர்கள். மாற்றலாகிப் போகும் நாளில் வந்து உங்களிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன்.

"எங்கிட்ட எதுக்கு சார் சொல்லுதீங்க? எனக்குத் தெரியாததா? அவியகிட்ட சொல்லுங்க."

எல்லாரும் கரையில்தான் இருந்தார்கள். நான் பஸ் ஏறிவிட்டேன்.

நீங்கள் இறந்துபோன செய்தி மாசியிலேயே வந்தது. அப்போதும் வரவில்லை, பாவி. இன்றுதான் வந்தேன். வள்ளம் கரை சேர்ந்ததும், ஈரத்துணியோடு நின்ற பெண்கள் முன்னால் எல்லாவற்றையும் சொன்னேன். யாராவது ஏசியிருந்தால் தேவலை. மூத்தவர் மட்டும், விரல் துணியை அவிழ்த்தபடியே பேசினார்.

"சாகுத வரைக்கும் தெனமும் காலையில வள்ளத்துப் பக்கம் வந்து நிப்பா சார். 'ஏறு ஏட்டி'ன்னு எங்கள ஒரு வார்த்த சொல்ல விடாமப் பண்ணிட்டீங்களே."

திரும்பும் பஸ்ஸில் விளாத்திகுளம் தாண்டியும் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன், அக்கா. ஏறு ஏட்டி. உங்களுக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டிய வார்த்தை, என்னிடமே இருக்கிறது.