தம்பியோட மூணு எழுத்து

அன்பு மகளுக்கு அம்மா எழுதுறது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒண்ணும் இல்லாம நடமாடிக்கிட்டு இருக்கோம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே அப்படியே இருக்கணும்னுதான் எந்நேரமும் நினைப்பு. குழந்தைக்கு இருமல்னியே, விட்டுச்சா? ஜன்னலோரமா படுக்க வைக்காதே. சித்திக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கிட்டுத் தெருவையே துப்பறிய வந்தவ மாதிரி நடக்கிறா.

போன தடவை பேசினப்ப, தம்பியோட ரேடியோ அழைப்புக்குறியை நான் ஆபீஸுக்கு எழுதிக் கேட்டு வாங்கிக்கட்டுமான்னு கேட்டே. நான் பதில் சொல்லாம போனை வச்சிட்டேன். கோவம் இல்லடி, வாயால சொல்ல வரலை. உனக்குப் பாதி தெரிஞ்சதுதான், ஆனா முதல்லேர்ந்து சொன்னாத்தான் எனக்குச் சொல்ல வரும். ரேடியோவுல பேசறவங்களுக்குப் பேர் மாதிரி ஒரு குறி, அப்பாவோடது லைசென்ஸ் ஆபீஸ்ல வரிசைப்படி கொடுத்தது, எது வந்துச்சோ அது. தம்பி ரேடியோவுல பெரிய பரீட்சை பாஸ் பண்ணினதால கடைசி மூணு எழுத்தை அவனே கேட்டு வாங்கலாம்னு ஆச்சு. நாம வாலுன்னு கூப்பிடறதையே வி ஏ எல்னு எழுதிக் கொடுத்துட்டான். இது என்னப்பா பேருன்னு அதிகாரி கேட்டதுக்கு, எங்கம்மா வச்சது சார், காரணத்தை அவங்களைத்தான் கேட்கணும்னு சொல்லிட்டு வந்து என்கிட்ட அடி வாங்கினான். அப்புறம் அந்தப் புயல். நிவாரண முகாமுக்காகப் பள்ளிக்கூட மாடியில தம்பி ஆன்டெனா கம்பத்தைத் தூக்கி நிறுத்தறப்ப அது சாய்ஞ்சு கரண்டுக் கம்பியில பட்டுச்சு. அதுக்கு மேல அதை நான் எழுத மாட்டேன்.

செத்தவங்க குறியை ரெண்டு வருஷம் யாருக்கும் கொடுக்காம வச்சிருப்பாங்களாம், அதுக்குள்ள லைசென்ஸ் இருக்கிற நெருங்கின சொந்தம் கேட்டா அவங்களுக்குத்தானாம். உன் லைசென்ஸ் எப்பவோ காலாவதி ஆயிடுச்சு, நீ இந்த நாட்டுலயும் இல்ல, அதனால அப்பா ஒருத்தர்தான். ஆனா ஒரு ஆளுக்கு ஒரு குறிதான், தம்பியோடதை வாங்கணும்னா அவரோடதை விட்டுடணும். ரேடியோ சங்கத் தலைவர் வீடு தேடி வந்து, வாங்கிக்கோங்கண்ணே, விட்டா வெளியாளுக்குப் போயிடும்னு கெஞ்சினார். அப்பா தலையாட்டினாரே தவிர எழுதிக் கொடுக்கலை. நான் சண்டை போட்டேன், பெத்த பிள்ளை பேருக்காக உங்க குறியை மாத்திக்கக் கசக்குதான்னு கேட்டேன். அவர் ஒரே தடவைதான் சொன்னார், அவன் ரேடியோவுல என்னைத் தேடினா என் பழைய குறியிலதானடி தேடுவான்னு. அவரை மன்னிக்க எனக்கு மனசு வரலை. சாப்பாடு வச்சிருக்கேன், தண்ணி வந்துடுச்சு, இதுக்கு மேல பேச்சில்லாம ஒரே கூரைக்குள்ள காலம் தள்ளினோம். கெடுவும் முடிஞ்சு போச்சு.

நாலு மாசம் முந்தி ஒரு சாயங்காலம், எப்பவும் போல ரேடியோக்காரங்க எல்லாரும் ஒரே அலைவரிசையில கூடி ஒவ்வொருத்தரா தன் குறியைச் சொல்லிக்கிட்டு வந்தாங்க. ஒரு பொண்ணு குரல் தம்பியோட குறியைச் சொல்லிச்சு. நான் அடுப்படியில இருந்தேன், கையில இருந்த கரண்டி எங்கே விழுந்துச்சுன்னே தெரியல. அப்பா செட்டை அணைச்சு மேல ஒரு பழைய வேட்டியைப் போட்டு மூடிட்டார். மறுநாள் ஆபீஸுக்குப் போனார். அந்த அதிகாரி எழுந்து நின்னு, விதிப்படிதான் கொடுத்திருக்கோம் ஐயான்னு சங்கடப்பட்டாராம். விதியில தப்புன்னு சொல்ல வரலை சார், யாருன்னு தெரிஞ்சா போதும்னு இவர் கேட்டிருக்கார். அதைச் சொல்ல மாட்டேன்னுட்டாங்க. சங்கத் தலைவர்தான் விசாரிச்சுச் சொன்னார், மலை மேல இருக்கிற சின்ன ஆஸ்பத்திரி நர்ஸாம், இங்கிலீஷ்ல அவ பேரோட முதல் மூணு எழுத்தும் அதுவேதானாம். அவர் மூலமா விஷயம் தெரிஞ்சு அந்தப் பொண்ணே போன் பண்ணினா. எனக்குத் தெரியாதும்மா, நாளைக்கே திருப்பிக் கொடுத்துடறேன்னு ஒரே அழுகை. கொடுத்துடுன்னுதான் நான் சொன்னேன். அப்பா என் கையிலேர்ந்து போனை வாங்கி, நீ கொடுத்தா எங்களுக்கு வராதும்மா, அடுத்து எவன் கேட்கிறானோ அவனுக்குப் போகும், நீயே வச்சுக்கோன்னு சொல்லிட்டார். சொன்னாரே தவிர, செட்டு மேல போட்ட துணியை எடுக்கல.

போன மாசம் மலையில பேய் மழை. மண் சரிஞ்சு ரோடு போச்சு, அங்கே போனும் செத்துப் போச்சு. மத்தியானம் சங்கத் தலைவர் ஓடி வந்து, மேலேர்ந்து யாரோ கூப்பிடறாங்கண்ணே, என் செட்டுல இரைச்சல்தான் கேட்குது, உங்க ஆன்டெனா உயரம், கொஞ்சம் பாருங்கன்னார். அப்பா துணியை எடுத்தார். அந்தப் பொண்ணுதான். பிரசவத்துக்கு வந்தவளுக்கு ரத்தம் நிக்கலை, வண்டி வேணும்னு திரும்பத் திரும்பக் கூப்பிடறா, யாரும் பதில் சொல்லலை. பதில் சொல்றவங்க முதல்ல கூப்பிட்டவங்க குறியைச் சொல்லணும், அப்புறம்தான் தன்னோடது, உனக்குத் தெரியுமே. அப்பா மைக்கைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார், உதடு அசையுது, சத்தம் வரலை. நான் அவர் தோள்ல கை வச்சு, கூப்பிடுங்க, ஒரு பொம்பளை சாகக் கிடக்கிறான்னேன். வி ஏ எல்னார். முதல் தடவை குரல் உடைஞ்சு போச்சு, ரெண்டாவது தடவை தெளிவா வந்துச்சு. தம்பி போன பிறகு அதை அவர் வாயால நான் கேட்டதே இல்லடி. அவ சொல்லச் சொல்ல அவர் எனக்குச் சொன்னார், நான் ஆம்புலன்ஸுக்குப் போன்ல சொன்னேன். வண்டி மலையைச் சுத்திக்கிட்டுப் போய்ச் சேர இருட்டிடுச்சு. தாய் பிழைச்சா. குழந்தை பிழைக்கலை. அதைச் சொல்லிட்டு அந்தப் பொண்ணுக்குப் பேச்சே வரலை. வெறும் இரைச்சல்தான். அப்பா அவ குறியைச் சொல்லி, நான் இங்கேதாம்மா இருக்கேன், மெதுவாப் பேசுன்னார். அவ பேசற வரைக்கும் எழுந்திருக்கலை.

அதனால நீ கேட்காதே. அவளா விட்டுக் கொடுத்தாலும் கேட்காதே. இப்பல்லாம் சாயங்காலம் அவளைக் கூப்பிட்டு ரெண்டு வார்த்தை பேசறார். சில நாள் பேசி முடிச்சதும் எழுந்து கொல்லைப் பக்கம் போய் நிப்பார். இத்தனை நாள் அவரைத் தனியா விட்டவதான் நான், இப்ப பின்னாடியே போய்ப் பக்கத்துல நிக்கிறேன்.

மாப்பிள்ளையைக் கேட்டதாச் சொல்லு. குழந்தைக்கு என் முத்தம். நீங்க மூணு பேரும் குறையில்லாம நீண்ட நாள் வாழணும், அது ஒண்ணுதான் இந்த வயசுல எனக்கு வேண்டியது. ஞாயித்துக்கிழமை போன் பண்ணறப்ப முதல்ல அப்பாகிட்ட பேசு, மறந்துடாதே. தம்பியைப் பத்திக் கேளு. அவர் சொல்லுவார்.

இப்படிக்கு,
உன் அம்மா