இரண்டாவது கம்பளி

காளிகாட், கல்கத்தா
27 நவம்பர் 1911

சௌபாக்கியவதி சம்பந்தி பாகீரதி அம்மாளுக்கு ஜகதாம்பாள் எழுதிக்கொண்டது. இங்கு எல்லோரும் சுகம். கும்பகோணத்தில் உங்கள் அகத்தில் எல்லோருடைய சுகத்துக்கும் எழுத வேண்டும்.

"பெண் குழந்தை" என்று மட்டும் உங்கள் மாப்பிள்ளை மஹாதேவன் தந்தி அடித்துவிட்டான். கப்பல் கம்பெனி குமாஸ்தாவுக்கு அதற்கு மேல் பேசத் தெரியாது. மிச்சத்தை நான் சொல்கிறேன். பேத்தி கொஞ்சம் கறுப்பு, ஆனால் லட்சணம். மூக்கு உங்கள் பக்கம். குரல் சந்தேகமில்லாமல் என் பக்கம்.

தலைப்பிரசவத்துக்கு விஜயத்தை அனுப்பவில்லை என்று உங்களுக்கு என் மேல் கோபம். ஏழாம் மாதத்தில் உதிரம் கண்டவளை ரயிலேற்றக்கூடாது என்று டாக்டர் சொன்னார். நானா சொல்லச் சொன்னேன்? இங்கே ஒரு குறையும் வைக்கவில்லை. பின்கட்டு அறையை ஒழித்துக் கொடுத்திருக்கிறேன். வங்காளி மருத்துவச்சி காலையில் வந்து குழந்தையைக் குளிப்பாட்டிவிட்டுப் போகிறாள். மற்றபடி யாரும் உள்ளே கால் வைப்பதில்லை. தெருவெல்லாம் மீன் விற்கும் ஊரில் மடி ஆசாரத்தைக் காப்பாற்றும் கஷ்டம் உங்களுக்கெல்லாம் எங்கே தெரியப்போகிறது! புண்யாஹவாசனம் ஆகித் தீட்டுக் கழியும்வரை என் விரல் நுனிகூட அவள் மேல் படாது. லேகியத்தையும் ரசஞ்சாதத்தையும் வாசற்படியில் வைத்துவிட்டு எட்ட நின்று விசாரிப்பேன். "நன்னா இருக்கேம்மா" என்பாள். முன்பெல்லாம் வாய் ஓயாது. இப்போது பேச்சே இல்லை. தாயானதும் அடக்கம் வந்துவிட்டது.

ஆனால் உங்கள் பெண்ணுக்கு எங்கள் ஊர்க் குளிர் ஆகவில்லை. பல்லெல்லாம் கிட்டிப்போகிறது என்று நேற்று இரண்டாவது கம்பளி கேட்டாள். சமையலறையில் எனக்கோ வியர்க்கிறது. அந்த அறையில் எத்தனை சாம்பிராணி போட்டாலும் ஒரு வாடை நிற்கிறது. ஜன்னலைச் சாத்தி வைத்திருப்பதால்தான் என்று நினைக்கிறேன்.

கோபத்தை விட்டுப் பதில் போடுங்கள்.

உங்கள் சம்பந்தி,
ஜகதாம்பாள்

*

கும்பகோணம்
1 டிசம்பர் 1911

அன்புள்ள சம்பந்தி அம்மாளுக்கு பாகீரதியின் நமஸ்காரம்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் மாப்பிள்ளைக்குத் தந்தி கொடுக்கச் சொல்லிவிட்டேன். "அம்மா உள்ளே போய்த் தொட்டுப் பார்க்கட்டும். உடனே டாக்டரை அழைக்கவும்." இந்தக் கடிதம் வருவதற்குள் என்னை நன்றாகத் திட்டித் தீர்த்திருப்பீர்கள். திட்டுங்கள், பரவாயில்லை.

விஜயம் மார்கழி விடியலில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு கோலம் போடுகிறவள். அவள் கம்பளி கேட்டால் அது ஊர்க் குளிர் இல்லை, ஜுரக் குளிர். அந்த வாடையும் ஜன்னலால் வந்தது இல்லை. என் ஓரகத்தி ராஜலக்ஷ்மிக்கும் பிள்ளை பெற்ற நாலைந்து நாளில் இப்படித்தான் குளிரும் வாடையும் சேர்ந்து வந்தன. பால் ஜுரம், தானே போய்விடும் என்றோம். வாசற்படியில் நின்றுகொண்டுதான் நாங்களும் சொன்னோம். ஜன்னி கண்டு போய்விட்டாள். கடைசியாகக் குளிப்பாட்டும்போதுதான் நான் அவளைத் தொட்டேன்.

விஜயத்திடம் கேட்காதீர்கள். நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்வாள். மாமியாரிடம் வேறு என்ன சொல்ல நான் கற்றுக்கொடுத்திருக்கிறேன்? நெற்றியில் கை வையுங்கள். அடிவயிற்றைத் தொட்டால் வலிக்கிறதா பாருங்கள். உதிரம் அதிகமா என்று துணியைப் பாருங்கள். தீட்டு ஒரு முழுக்கில் போய்விடும். அதில் பாவம் ஏதாவது இருந்தால் அது என்னைச் சேரட்டும்.

எனக்கு அவள் வேண்டும், அம்மா. வேறு எழுத வரவில்லை.

பாகீரதி

*

காளிகாட்
3 டிசம்பர் 1911

அன்புள்ள பாகீரதிக்கு,

உங்கள் தந்தி வந்தபோது எனக்கு வந்த கோபத்தை எழுதினால் காகிதம் தாங்காது. மருமகளைப் பார்த்துக்கொள்ள எனக்குத் தெரியாதா என்று தபால்காரன் காதில் விழும்படியே கத்தினேன். கார்டன் ரீச் கப்பல்துறை ஆபீசிலிருந்து வந்த மஹாதேவன் அதைப் படித்துவிட்டு, "நீ போறயா, நான் போகட்டுமா?" என்றான். அவன் கண் கலங்கி நான் பார்த்ததே இல்லை. எழுந்து போனேன்.

என்னைக் கண்டதும், "அம்மா, தீட்டு, நீங்க வரப்படாது" என்று விஜயம் சுவரோடு ஒண்டினாள். நெற்றியில் கை வைத்தேன். அடுப்பிலிருந்து இறக்கிய வெண்கலப் பானைதான். தலைமாட்டில் என் ரசஞ்சாதம் தொடாமல் கிடந்தது.

பவானிப்பூரிலிருந்து வங்காளி லேடி டாக்டர் வந்தாள். நஞ்சுக்கொடியில் ஒரு துணுக்கு உள்ளேயே தங்கி அழுகியிருந்ததாம். அதை எடுத்து, மருந்து நீரால் கழுவினாள். சோப்பால் கையலம்பாமல் யாரும் கிட்டே போகக்கூடாது, கொதிக்க வைத்த துணிதான் கட்ட வேண்டும் என்று உத்தரவு. "எத்தனை நாளாக ஜுரம்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு தெரியவில்லை.

உங்களிடம் மறைக்க மாட்டேன். ஜுரம் இன்னும் இறங்கவில்லை. நான் அந்த அறையிலேயே உட்கார்ந்து ஈரத்துணி மாற்றுகிறேன், மடியாவது மண்ணாவது. குழந்தைக்குப் பால் கொடுக்க எதிர்வீட்டு வங்காளிப் பெண் வந்துபோகிறாள். நீங்கள் உடனே புறப்பட்டு வாருங்கள்.

ஜகதாம்பாள்

*

காளிகாட்
20 ஜனவரி 1912

என் பிரியமுள்ள பாகீரதிக்கு,

ஹவுராவில் உங்களை ரயிலேற்றிவிட்டு வந்ததிலிருந்து வீடு வெறிச்சென்று இருக்கிறது. நீங்கள் இருந்த வரையில் நம் சண்டையாவது இருந்தது. விஜயம் இப்போது கூடம்வரை தானே நடக்கிறாள். நேற்று ரசத்தில் உப்புப் போதவில்லை என்று முகத்தைச் சுளித்தாள். எத்தனை திமிர் என்று நினைத்துக்கொண்டே உப்பு எடுக்க ஓடினேன்.

ஒன்று சொல்ல வேண்டும். பெண்ணை அழைத்துக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறீர்கள் என்று தினமும் பயந்தேன். கேட்டிருந்தால் என்னால் மறுத்திருக்க முடியாது. நீங்கள் கேட்கவே இல்லை. ரயில் நகரும்போது ஜன்னல் வழியாக என் கையை மட்டும் பிடித்துக்கொண்டீர்கள். அப்போது சொல்லாததை இப்போது எழுதுகிறேன். நீங்கள் என் உடன்பிறந்தாள்.

இன்னொரு சமாச்சாரம். அடுத்த சந்தில் நம்மூர்க்காரப் பெண் ஜலஜாவுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது. விசாரிக்கப் போனேன். அவள் மாமியார் கூடத்தில் உட்கார்ந்து அப்பளம் இட்டுக்கொண்டே, "உள்ளே சுகமாத்தான் இருக்கா" என்றாள். கொல்லையில் சோப்புக் கேட்டுக் கையலம்பிக்கொண்டு நேரே அறைக்குள் போய்விட்டேன். "மாமி, தீட்டு! தீட்டு!" என்று அந்த மாமியார் அலறியது காளி கோயில்வரை கேட்டிருக்கும்.

"தெரியும்டீ, நீயும் கையலம்பிண்டு வா" என்றேன்.

ஜலஜா நெற்றியில் கை வைத்தேன். குளிர்ச்சியாக இருந்தது. அந்தப் பெண் என் கையை விடவில்லை. பிள்ளை பெற்ற பிறகு பெரியவர்கள் யாரும் தன்னைத் தொடவில்லை என்று சொல்லி அழுதாள். கொஞ்ச நேரத்தில் அவள் மாமியாரும் ஈரக்கையோடு வந்து நிலைப்படியில் நின்றாள். பிறகு உள்ளே வந்தாள்.

நம் பெண்ணும் பேத்தியும் தூங்குகிறார்கள். இரண்டு பேரையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள்
ஜகதாம்பாள்