துவைக்காத சுங்குடிச் சேலை

சிவகாசி

அன்பு மகள் கீர்த்திகாவுக்கு,

அம்மன் புண்ணியத்தில் இங்கே நானும் உன் அப்பாவும் சுகம். கனடாவில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்கிறீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். தினம் வீடியோவில் பார்க்கிறவளுக்குக் கடிதம் எதற்கு என்பாய். போனில் சொன்னால் பாதியில் உன் அப்பா வந்து பிடுங்கிக்கொள்வார், இல்லையென்றால் எனக்கு அழுகை வந்துவிடும். நம் தெரு ராம்குமார் வெள்ளிக்கிழமை கனடாவுக்கு விமானம் ஏறுகிறான், அவனிடம் கொடுத்து விடுகிறேன்.

உன் அப்பாவைப் பெற்ற அத்தைக்குப் பதினாறாம் நாள் காரியம் நல்லபடியாக முடிந்தது. சீசன் ஆர்டர் தலைக்கு மேல் கிடக்கிறது, இருந்தும் உன் அப்பா பட்டாசுக் கம்பெனியைப் பூட்டிவிட்டார். நாரணாபுரத்திலிருந்து லோடு வண்டியில் ஏறி வந்து பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். ஊர்ச் சுவரெல்லாம் அத்தை படம்தான், பால் வாங்கப் போனால்கூட என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். தொண்ணூற்று நாலு வயது, கடைசி நாள் வரை தன் கையால் சாப்பிட்ட மனுசி. மாமா போனபோது கடைசிச் சித்தப்பா கைக்குழந்தையாம். பெரிய மனிதர்கள் நாலு பேர் வந்து கம்பெனியை விற்றுவிடச் சொன்னதற்கு, “நாலு ஆம்பளப் புள்ளைய வளக்கப் போறேன், இதையும் சேத்து அஞ்சா வளத்துட்டுப் போறேன், நீங்க காப்பி சாப்பிட்டுக் கிளம்புங்க” என்றாராம். யார் கம்பெனியில் வெடித்தாலும் செத்தவர் வீட்டுக்கு முதலில் போய்த் தரையில் உட்கார்ந்தவர் அத்தைதான். அதைத்தான் வந்தவர்கள் எல்லாரும் சொல்லிச் சொல்லி அழுதார்கள். பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நானும்தான் போனேன். அதை ஒருத்தியும் சொல்லவில்லை.

எனக்குப் பொறாமை, கீர்த்திகா. செத்தவர் மேல் பொறாமைப்படலாமா என்று கேட்காதே, உயிரோடு இருந்தபோதும் பட்டேன். ஊர் கொண்டாடினால் கொண்டாடட்டும், அது அவர் சம்பாதித்தது. நான் பெற்ற உன்னையும் அல்லவா கொண்டுபோனார். சித்தப்பாமார் மூன்று பேரும் என்னை மதினி என்று கூப்பிட, அதைக் கேட்டு நீயும் மதினி என்றாய். அவர்கள் அத்தையை அம்மா என்றதால் நீயும் அவரையே அம்மா என்றாய். வீடே விழுந்து விழுந்து சிரித்தது, நானும் சிரித்தேன். நீ பள்ளிக்கூடம் போகிற வரையில் பொறுத்துப் பார்த்துவிட்டு, இவளைக் கொஞ்சம் திருத்துங்கள் அத்தை என்றேன். “புள்ளைக கூப்பிடுறத நாம மாத்தக்கூடாது தாயி, அதுவா மாறிரும்” என்றார். எங்கே மாறியது? காய்ச்சலில் நீ அம்மா அம்மா என்று அனத்தினால் கஞ்சியோடு நிற்கிற என்னை விட்டுவிட்டு அவரைத்தான் எழுப்புவார்கள். அவரும் எழுந்து வந்து உன் பக்கத்தில் படுத்துக்கொள்வார். குறை சொல்லவும் வழியில்லை, அவ்வளவு நல்லவர். கெட்ட மாமியாராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்.

இப்போது அவர் சேலையைக் கேட்கிறாய். பிறக்கிற பிள்ளையை முதலில் சுற்றுவதற்கு அம்மா கட்டின ஊதாச் சுங்குடிதான் வேண்டும், “துவைச்சிராதீக மதினி, அவுக வாசம் போயிரும்” என்றாய். நெடுநாள் வாழ்ந்தவர் சேலையில் சுற்றினால் பிள்ளைக்கும் அந்த ஆயுசு வரும் என்பது நம் பழக்கம்தான். அவர் ஆயுசுக்கு முன்னால் அறுபதைத் தொடாத என் சேலை எம்மாத்திரம். ஆனாலும் போனை வைத்துவிட்டு அடுப்படியில் நின்று அழுதேன். அந்தப் பிள்ளைக்கு ஆச்சி நான்தானே? இந்த வீட்டில் பேரப்பிள்ளைகள் எல்லாருக்கும் அவர் அம்மா ஆகிவிட்டதால் ஆச்சி என்ற சொல்லை யாருக்கும் யாரும் சொன்னதில்லை. புதுச்சட்டை மாதிரி மடிப்புக் கலையாமல் கிடக்கிறது. அதை எனக்குக் கொடு. உன் வாயைப் பார்த்து அதுவும் என்னை மதினி என்று கூப்பிட்டதோ, விமானம் ஏறி வந்து உன்னை உதைப்பேன்.

சாத்தூர் சேவு இரண்டு பாக்கெட் வைத்திருக்கிறேன், மாப்பிள்ளையை ஒரே நாளில் காலி செய்ய விடாதே. இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே, பனியில் கால் பார்த்து வை. சுகப்பிரசவம் ஆகி, தாயும் பிள்ளையும் நீண்ட ஆயுசோடு நிறைந்து இருங்கள். சேலை சேவுப் பொட்டலத்துக்கு அடியில் இருக்கிறது. நீ சொன்னபடி துவைக்கவில்லை. ஆனால் இந்த வாரம் முழுவதும் அதை நான்தான் கட்டியிருந்தேன், அடுப்படியிலும் அதோடுதான் நின்றேன், படுத்ததும் அதோடுதான். இனி அதில் எது யார் வாசம் என்று நீயே மோந்து பார்த்துக்கொள்.

இப்படிக்கு
உன்னைப் பெற்றவள்
லட்சுமிகாந்தம்