அன்னபுஷ்பத்துக்குச் சொன்ன நன்றி

அன்பு மகள் ஷாலினுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நான் உயிரோடு சுகமாகத்தான் இருக்கிறேன், முதலில் அதை மனதில் வாங்கிக்கொள். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேரன் பிரவீனும் மாதா தயவில் நன்றாயிருக்க வேண்டும். உன் பெரியம்மா அன்னபுஷ்பம் மஸ்கட்டுக்குப் போன் போட்டு, உங்க அம்மா இன்றைக்கோ நாளைக்கோ என்று அழுதாளாமே, அதை நம்பி டிக்கெட் எடுக்காதே. போனில் சொல்லலாமென்றால் நீ கூப்பிடும் நேரமெல்லாம் அவள் என் பக்கத்தை விட்டு நகர்வதில்லை, அதனால்தான் எழுதுகிறேன். மாடியில் குடியிருக்கும் மாடத்தி இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள்.

வீடு வீடாக வந்து பிரஷர் பார்க்கும் கவிப்பிரியா போன மாதம் என் கையில் பட்டையைக் கட்டிப் பார்த்துவிட்டு, மாத்திரை போட்டும் இறங்கவில்லையே, மனதில் எதையாவது வைத்திருக்கிறீர்களா என்று கேட்டாள். எதை வைக்கவில்லை நான்? உன் கல்யாணப் பந்தியில் அன்னபுஷ்பம் பச்சைப் பட்டு கட்டி உட்கார்ந்து, சம்பந்தி காதில் விழுகிற மாதிரி, "இன்னா கறி இது, லாரி டயராட்டம் கீது" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாளே, எலும்பை இலையின் எந்த மூலையில் ஒதுக்கினாள் என்பதுவரை எனக்கு ஞாபகம் இருக்கிறது. அன்றோடு பேச்சு நின்றது. கவிப்பிரியா, "தினம் காலைல உங்களுக்கு நல்லது செஞ்ச ஒருத்தரை நெனைச்சுக்கோங்க ஆயா, முடிஞ்சா நேர்ல நன்றி சொல்லுங்க, மனசு லேசாகும், ஆனா மாத்திரையை வுட்டுடாதீங்க" என்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நன்றி ஆண்டவருக்குச் சொல்வது, மேடையில் மைக் பிடித்துச் சொல்வது. சொந்தபந்தத்துக்குள் யார் சொல்கிறார்கள்?

சரியென்று கண்ணை மூடினால் கெட்டது செய்தவர்கள்தான் வரிசையாக வருகிறார்கள். அவர்களைத் தள்ளிவிட்டு நல்லது செய்தவரைத் தேடினால் அங்கேயும் முன்னால் நிற்பவள் அன்னபுஷ்பமே. நீ பிறந்ததும் நான் டைபாய்டு ஜுரத்தில் நினைவில்லாமல் கிடந்தேன், அப்போது மடியில் ஒரு பக்கம் தன் மகன் டெனிசனையும் மறுபக்கம் உன்னையும் போட்டுப் பால் கொடுத்தவள் அவள்தானே. ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் அவளை மறித்து, "என் புள்ளைக்குப் பால் குடுத்தியேக்கா, அதுக்கு நன்றி" என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று வந்துவிட்டேன். நான் உலை வைப்பதற்குள் டெனிசன் வண்டியில் வந்து இறங்கினாள். "டாக்டர் இன்னாடி சொன்னான், மறைக்காத! எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு போற அளவுக்கு இன்னா வியாதி?" என்று மாரில் அடித்துக்கொண்டதில், நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிய மாடத்தி பதறி ஓடிவந்தாள். எனக்கு ஒன்றுமில்லை என்றேன். "சாவப்போறவங்க அப்டித்தான் சொல்வாங்க" என்கிறாள்.

அன்றுமுதல் படப்பையிலிருந்து, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஷேர் ஆட்டோவில், முட்டிவலியோடு தினமும் கஞ்சி கொண்டுவருகிறாள். உப்பே போடுவதில்லை. கேட்டால் "போற உசுருக்கு நாக்கைப் பாரு" என்கிறாள். பந்தியில் சொன்னதையும் கேட்டேன். "அது டயருதான், இப்பவும் சொல்வேன்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது, அடுத்த நிமிடம் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருக்கிறோம், எதற்கென்று தெரியவில்லை. கோபம் அப்படியேதான் இருக்கிறது ஷாலின். ஆனால் அவள் வரும் நேரம் தாண்டினால் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடக்கிறேன். கவிப்பிரியா நேற்று பார்த்துவிட்டு பிரஷர் இறங்கியிருக்கிறது என்றாள். மாத்திரையாலா, நன்றியாலா, உப்பில்லாத கஞ்சியாலா என்று கேட்டேன், மாத்திரையை விட்டுவிடாதீர்கள் என்று மறுபடியும் சொல்லிவிட்டுப் பட்டையைச் சுருட்டிக்கொண்டு போனாள்.

எனக்கு நோயில்லை என்று கவிப்பிரியாவை விட்டே அன்னபுஷ்பத்துக்கு விளங்கவைக்கலாம். விளங்கிவிட்டால் அவள் எதற்கு வருவாள்? சொல்லாமலிருந்தால், முட்டிவலிக்காரியை அலையவிடுகிற பாவம் எனக்கு. இந்தப் பக்கமும் போக முடியவில்லை, அந்தப் பக்கமும் போக முடியவில்லை. பிரவீனை வெயிலில் விளையாட விடாதே, மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். மாதா உங்கள் மூவரையும் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. பெரியம்மா மறுபடி போன் செய்தால், அம்மாவுக்கு இன்னும் பூரணமாகக் குணமாகவில்லை, நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவை.

உன் அம்மா,
சவரியம்மாள்,
வடக்குப்பட்டு.